தேக்காவில் நாள் எண்ணியவர்கள்

“கடைசியா எப்பம்மா தலைக்குத் தண்ணி ஊத்தினே?”

1972-இல் நான் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் மருத்துவச்சிப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதியை எல்எம்பி என்றும், பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கிற தேதியை ஈடிடி என்றும் அட்டையில் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். எதிரே வந்து உட்காரும் தமிழ்ப் பெண்ணிடம் எல்எம்பி என்றால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதைக் கேட்டால் பதில் வரும். ஆனால் தேதியாக வராது. “தைப்பூசம் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும் மிஸ்ஸி.” “தீமிதிக்குக் காப்புக் கட்டறதுக்கு முந்தி.” “கடைசி ஆடி வெள்ளிக்கு வீரமாகாளி கோயிலுக்குப் போக முடியல, அப்பதான்.” இங்கே தாதியரை எல்லா இனத்தாரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பதில்களைக் கேட்டுச் சில இளம் மருத்துவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் தெரியவில்லை. தீட்டு நாளில் கோயிலுக்குள் போகக்கூடாது என்று வளர்ந்தவள், எந்தத் திருவிழாவைத் தவறவிட்டாள் என்பதை மறக்கவே மாட்டாள். மலாய்ப் பெண்கள் இதில் இன்னும் கெட்டி. நோன்பு மாதத்தில் விட்டுப்போன நாட்களைப் பிறகு கணக்காகப் பிடித்துத் தீர்க்க வேண்டும். ஆகவே எத்தனை நாள், எந்த நாள் என்று விரல்விட்டுச் சொல்வார்கள். சீனப் பாட்டிகள் மருமகளுக்குப் பதிலாகத் தாங்களே முன்வந்து சந்திர மாதத் தேதி சொல்வார்கள். என் மேசையில் மூன்று இனத்தாரின் பண்டிகைகளும் அச்சான ஒரு காலண்டர் எப்போதும் கிடக்கும். அது இல்லாமல் ஒரு ஈடிடி-யும் போட்டிருக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாடநூல் கேட்பது உதிரம் கண்ட முதல் நாளை. நம் பெண்கள் சொல்வது தலைமுழுகிய நாளை. இரண்டுக்கும் நடுவே மூன்றிலிருந்து ஐந்து நாள் விழும். அனுபவமுள்ள மூத்த மருத்துவச்சிகள் வாய்விட்டுச் சொல்லாமலே அந்த நாட்களைக் கழித்துவிட்டு எழுதுவார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் நடந்த இடத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவில், ரயில் நிலையத்திலிருந்து ஏறிவந்தால் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப்பெயர்களிலேயே எருமைகள் நிற்கும். ஒரு காலத்தில் இங்கே மாட்டுத் தொழுவங்களும் மாட்டு வியாபாரமும்தான். பால் கறக்கவும் வண்டி ஓட்டவும் வந்த நம்மவர்கள் அதைச் சுற்றித்தான் குடியேறினார்கள். அந்த எருமைத் தொழுவங்களின் மலாய்ப் பெயரையே தாங்கி 1858-இல் தொடங்கியது கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. முதலில் அது எல்லோருக்குமான பொது மருத்துவமனை. 1882-க்குள் பொது மருத்துவமனை சிப்பாய் லைன்ஸுக்குப் போய்விட்டது. பிரசவத்துக்கென்றே இலவச மருத்துவமனையாக இது திறந்தது 1924 அக்டோபர் 1-ஆம் தேதி. அன்றைக்கு 30 படுக்கை.

சிங்கப்பூர் முழுமைக்கும் 30 படுக்கை போதுமா என்றால், அப்போது போதும். பிரசவத்துக்குப் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மலாய்க் கிராமங்களான கம்பங்களில் பீடான், நம் வரிசை வீடுகளில் மருத்துவச்சி, சீனத் தெருக்களில் அவர்களுடைய கிழவி. 1915-இல் மருத்துவச்சிகள் சட்டம் வந்து, பயிற்சி பெற்றுப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றது. பிறந்த பிள்ளைகள் கொத்துக்கொத்தாய் இறந்துகொண்டிருந்ததுதான் காரணம். தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள், எதை அப்பினார்கள் என்பதில் பாதி உயிர் போனது. அந்தக் காலத்து இந்தியர்களில் பெண்கள் ஆண்களைவிட வெகு குறைவு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற வழக்கம் இருந்ததால், வசதியுள்ளவர்கள் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ அனுப்பிவிடுவார்கள். கப்பல் புறப்படும் நாளையும் பிள்ளை பிறக்கும் நாளையும் ஒன்றாக வைத்து எண்ண வேண்டிய கட்டாயம் அங்கேதான் ஆரம்பித்தது. ஏழாம் மாத வளைகாப்பு முடிந்த கையோடு பெட்டி கட்டுவார்கள். ரஜூலா கப்பலில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு டெக்கில் படுத்துப் போன பெண்களின் கதை இல்லாத பழைய குடும்பம் தேக்காவில் இல்லை.

இனி ஈடிடி-க்கு அடிப்படையான 280 நாள் கணக்குக்கு வருகிறேன்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஃபிரான்ஸ் கார்ல் நேகலே என்ற பேராசிரியர் இருந்தார். 1778-இல் பிறந்தவர். 1830-இல் மருத்துவச்சிகளுக்கென்றே ஒரு பாடநூல் எழுதினார். அவர் பெயரால் நாங்கள் படித்த விதி இது: கடைசி மாதவிடாய்த் தேதியோடு ஏழு நாளைக் கூட்டு, மூன்று மாதம் பின்னே போ, அடுத்த ஆண்டில் அந்தத் தேதியை எழுது. இது அவர் மூளையில் உதித்ததும் அல்ல. அவருக்கு முன்பே ஹாலந்தின் லைடன் நகரத்துப் பேராசிரியர் ஹெர்மான் பூர்ஹாவ சொன்னதை ஒட்டியது. ஒரு உதாரணம் போட்டுப் பாருங்கள். 2024 தீபாவளி அக்டோபர் 31. அன்று ஒருத்திக்கு உதிரம் கண்டிருந்தால் ஏழு நாள் கூட்டி நவம்பர் 7, மூன்று மாதம் பின்னே ஆகஸ்ட் 7. ஆக 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி, தேசிய தினத்துக்கு இரண்டு நாள் முன்பு. எண்ணிப் பார்த்தால் சரியாக 280 நாள். எல்லாத் தேதிக்கும் இப்படிப் பொருந்தாது. மாதங்களில் 28-ம் 31-ம் இருப்பதால் விதி தருவது 280-லிருந்து 283 வரை ஆடும்.

வேடிக்கை என்னவென்றால், உதிரத்தின் முதல் நாளிலிருந்து எண்ணுவதா, கடைசி நாளிலிருந்தா என்று நேகலே தெளிவாகச் சொல்லவில்லை. முதல் நாள் என்று முடிவு செய்தவர்கள் பின்னால் வந்த பாடநூல்காரர்கள். தலைமுழுகிய நாளைச் சொல்லி ஏச்சு வாங்கிய நம் பெண்களுக்கும் உலகத்தின் தலைசிறந்த பிரசவ நூலுக்கும் குழப்பம் ஒரே இடத்தில்தான் இருந்திருக்கிறது. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவளுக்குத்தான் இந்த விதி. 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவளுக்குக் கரு தங்குவதே ஒரு வாரம் தள்ளித்தான். அவளுக்கும் அதே தேதியை எழுதினால் ஒரு வாரம் முந்தியே “நாள் தாண்டிப்போச்சு” என்று பயமுறுத்துகிறோம் என்று பொருள்.

பத்து மாதம் சுமந்தேன் என்று நம் அம்மாக்கள் சொல்வதைக் கேட்டு, ஒன்பது மாதம்தானே என்று பேரப்பிள்ளைகள் திருத்துகிறார்கள். திருத்த வேண்டாம். 280 நாள் என்பது ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது நடக்கிற கணக்கு. சந்திரன் ஒரு நட்சத்திரத்திலிருந்து புறப்பட்டு அதே நட்சத்திரத்துக்குத் திரும்ப 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். பத்துச் சுற்றுக்கு 273 நாள். எந்த வழியில் எண்ணினாலும் பாட்டி சொன்னது ஒரு வாரத்துக்குள் பொருந்திவிடுகிறது. ஸ்கேன் எடுக்காமல் அவ்வளவு சொல்வதே பெரிது.

நம்மவர்கள் பின்னோக்கியும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் அதுதான். கரு தங்கியதிலிருந்து பிறப்பு வரை சுமார் 266 நாள். ஆடி முதல் தேதி ஜூலை 17 என்றால் அது ஏப்ரல் 9-இல் போய் நிற்கும். ஆடி கடைசி, மே 9-இல். பெரும்பாலும் சித்திரை. தஞ்சாவூரின் சித்திரை வெயிலில் ஒரு பச்சைப்பிள்ளையும் பிள்ளை பெற்றவளும் படும் பாட்டைக் கண்டவர்கள் போட்ட கணக்கு அது. இந்த ஊரோ பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை வடக்கே கிடக்கிறது. இங்கே சித்திரையும் ஒன்றுதான் மார்கழியும் ஒன்றுதான். வருடம் முழுக்க அதே வெக்கை, அதே மழை. ஆனாலும் ஆடி பிறந்ததும் புக்கித் தீமாவில் குடியிருக்கும் பெண்ணை யீஷூனிலிருக்கும் அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டிலும் நடந்தது. காரணம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது, வழக்கம் மட்டும் கப்பலேறி வந்துவிட்டது.

பிள்ளைப்பேறு என்றால் சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் பெரியாச்சி அம்மன் நினைவு வராமல் போகாது. சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலிலும், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் அவளுக்குச் சன்னிதி உண்டு. வல்லாளன் என்ற கொடுங்கோல் அரசனுக்குப் பிறக்கும் பிள்ளை மண்ணைத் தொட்டால் அவனுக்கு அழிவு என்றொரு சாபம். பிரசவம் பார்க்க வந்தவள் பெரியாச்சி. அரசனைக் காலடியில் போட்டு, அரசியை மடியில் கிழித்து, பிள்ளையை மட்டும் மண்ணில் படாமல் கையில் உயர்த்திப் பிடித்திருப்பாள். பார்க்கவே பயமான உருவம். ஆனால் அவள் தொழில் மருத்துவச்சி. பிரசவ அறையில் இருந்த எங்களில் பலர் முதல் நாள் வேலைக்கு முன்னால் அவளைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். பிள்ளை பிறந்து முப்பதாம் நாள், தலைமுடி எடுத்து அவளிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். எதிர்பார்த்த நாளை யாரும் அவளிடம் சொல்வதில்லை. பிறந்த நாளிலிருந்துதான் அவளுடைய கணக்கு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர் மாறியது. பிள்ளைகள் பெருகின. கே.கே. என்று சுருக்கமாகச் சொல்லும் கண்டாங் கெர்பாவில் 1966-இல் ஓராண்டில் பிறந்தவை 39,835. நாளொன்றுக்குச் சராசரி 109. ஒரே பிரசவ மருத்துவமனையில் ஓராண்டில் பிறந்த அதிகப் பிள்ளைகள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறி, அந்தச் சாதனை பத்தாண்டு போல நின்றது. நான் சேர்ந்தபோது கூட்டம் கொஞ்சம் தணிந்திருந்தாலும், மூத்தவர்கள் அந்த நாட்களைப் போர்க்கதை மாதிரிச் சொல்வார்கள். ஒரு கட்டிலில் இரண்டு தாய்மார், தாழ்வாரத்தில் கேன்வாஸ் படுக்கை, சுகப்பிரசவம் என்றால் மறுநாளே வீடு. வீட்டுக்கே போய்ப் பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிகளும் அப்போது கே.கே.யில் இருந்தார்கள், பையைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்கும் கடைவீட்டு மாடிக்கும் ஏறுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் தேதி சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்கிறீர்கள்? ஆறாவது, ஏழாவது பிள்ளைக்கு வருகிறவளுக்குக் கடைசித் தேதி என்று ஒன்றே கிடையாது. மடியில் இருக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமந்திருப்பாள். நடுவில் உதிரம் வந்தே இருக்காது. அப்போது கைதான் காலண்டர். படுக்க வைத்து, கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து மேலே தடவிக்கொண்டு போவோம். கருப்பை தொப்புள் மட்டம் வந்திருந்தால் பாதிக் காலம் தாண்டியாயிற்று. விலா எலும்புகள் கூடும் குழி வரை ஏறிவிட்டால் 36 வாரம். அதற்குப் பிறகு ஏறாது. தலை இடுப்பெலும்புக்குள் இறங்கும்போது வயிறும் சற்றே இறங்கும். “மூச்சு விட இப்பதான் லேசா இருக்கு மிஸ்ஸி” என்று அவளே சொல்வாள். நாடாவால் அளந்தால், நடுக்காலத்தில் எத்தனை சென்டிமீட்டரோ ஏறக்குறைய அத்தனை வாரம். பிள்ளை முதலில் எப்போது துடித்தது என்று கேட்போம். தலைச்சனுக்கு 18-லிருந்து 20 வாரம், அடுத்தவற்றுக்கு இரண்டு வாரம் முந்தியே தெரிந்துவிடும். பினார்டு குழலை வயிற்றில் வைத்துக் காதை அழுத்தி இதயத் துடிப்பைப் பிடிப்போம். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து எழுதுகிற தேதிக்கு இந்தப் பக்கம் இரண்டு வாரம், அந்தப் பக்கம் இரண்டு வாரம் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். “தீபாவளியை ஒட்டி” என்று சொல்லி அனுப்பினால் போதும்.

அந்த “ஒட்டி”யை எடுத்துவிட்டு ஒரே ஒரு தேதியை வைத்தது மருத்துவம் மட்டுமில்லை, அலுவலகமும் அரசாங்கமும்தான் என்பது என் கருத்து. 1968-இல் வந்த வேலை நியமனச் சட்டம் பிரசவத்துக்கு முன் நான்கு வாரம், பின் நான்கு வாரம் விடுப்பு என்றது. முன் நான்கு வாரத்தை எங்கிருந்து எண்ணுவது? ஈடிடி எழுதிய கடிதம் வேண்டும். ஜூரோங்கில் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்து, பெண்கள் ஷிஃப்ட்டுக்குப் போக ஆரம்பித்தபின் கடிதம் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பிறகு இரண்டோடு நிறுத்துங்கள் என்ற காலம். 1973-இலிருந்து மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு விடுப்பு இல்லை. பிரசவக் கட்டணம் பிள்ளைக்குப் பிள்ளை ஏறியது. மூன்றாவதைச் சுமந்து வருகிறவள் தேதியைச் சொல்லவே தயங்குவாள். அந்தத் தயக்கத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளையல்ல, அதை வரவழைத்த காலத்தை.

1976 சீனர்களுக்குப் பிள்ளை பெற ராசியான டிராகன் ஆண்டு. “இரண்டோடு நிறுத்து” சுவரொட்டிகள் ஒட்டியிருந்த அதே தாழ்வாரத்தில் சீனத் தாய்மார்கள் நிறைந்து வழிந்தார்கள். 1988-இலும் அப்படியே. ஆனால் அதற்குள் அரசாங்கம் 1987-இல் கொள்கையைத் தலைகீழாக்கி, முடிந்தால் மூன்று பெறுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தது. சீனப் புத்தாண்டை ஒட்டித் தேதி விழுந்தவர்களின் மாமியார்கள் வந்து, நாள் தள்ளிப்போகுமா, முன்னே வருமா என்று எங்களைத் துளைத்து எடுப்பார்கள். 2024-ம் டிராகன் ஆண்டுதான். பிள்ளை பெறச் சொல்லிப் பிரதமரே புத்தாண்டுச் செய்தியில் கேட்டுக்கொண்டார். பெண்ணொருத்திக்குச் சராசரி 0.97 பிள்ளை என்ற விகிதம் முந்தைய ஆண்டில் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஒலி அலையால் வயிற்றுக்குள் பார்க்கும் வித்தையை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-இல் உலகத்துக்குக் காட்டினார். அதே ஊரில் ஹியூ ராபின்சன் 1973-இல், சிசுவைத் தலை உச்சியிலிருந்து பிட்டம் வரை அளந்தால் வயதைச் சொல்லிவிடலாம் என்று நிறுவினார். முதல் மூன்று மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. அதனால்தான் அந்த அளவு ஒரு வாரத்துக்குள் சரியாக இருக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனில் மூன்று வாரம் வரைகூடப் பிசகலாம். அப்பா உயரமானவரா, அம்மாவுக்குச் சர்க்கரையா என்பதெல்லாம் அளவில் கலந்துவிடும். இங்கே அந்த எந்திரம் பரவலானபின், திருவிழாக்களைக் கேட்கும் பழக்கம் சிறுகச் சிறுக நின்றது. புதிதாக வந்த தாதியருக்குத் தீமிதி எப்போது என்று தெரிய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

கே.கே.யில் ஒரு கர்ப்பத்துக்கு மட்டும் யாரும் எல்எம்பி-யைச் சார்ந்திருக்க வேண்டியதில்லை. 1983 மே மாதம் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தை அது. கரு உருவான நாளையே கண்ணால் பார்த்து எழுதியிருந்தார்கள். அதைச் சாதித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையில் பிறந்த தமிழர், பேராசிரியர் எஸ்.எஸ். ரத்னம். ஆசியாவின் முதல் குழந்தை என்று இங்கே பெருமையாகச் சொல்வார்கள். கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் 1978-லேயே செய்து, நம்ப ஆளில்லாமல் நொந்து இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை. ரத்னத்துக்குப் பின்னால் வந்தவர்களில் யாழ்ப்பாணத்துச் சபாரத்னம் அருள்குமரன் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போய், அரச மகப்பேறு மருத்துவர் கல்லூரிக்கே தலைவரானார். அவர்களுக்கெல்லாம் முன்னோடி பெஞ்சமின் ஷியர்ஸ். கருப்பையின் அடிப்பாகத்தில் கீறும் சிசேரியன் முறையை 1940-களில் இங்கே கொண்டுவந்தவர். பிறகு நாட்டின் அதிபராகி, 1981-இல் பதவியிலிருக்கும்போதே இறந்தார். அவர் பெயரிலுள்ள பாலத்தைத் தாண்டித்தான் விமான நிலையத்துக்குப் பாதி ஊர் போகிறது.

நிறைமாதம் என்றால் எப்போது என்று கேட்டால் நாங்கள் படித்த விடை 37 வாரம். அதற்கு முன்னால் பிறந்தால் குறைமாதம். 37-க்கும் 42-க்கும் நடுவே எல்லாம் ஒன்றுதான் என்று பல்லாண்டு நினைத்திருந்தோம். அப்படி இல்லை என்று புள்ளிவிவரங்கள் காட்டின. 37-இல் எடுத்த பிள்ளைகள் மூச்சுக்கும் பாலுக்கும் 39-இல் பிறந்தவற்றைவிட அதிகம் தவித்தன. 2013-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி அந்த ஐந்து வாரங்களையும் வெட்டிப் பிரித்தது. 37 தொடங்கி 38 வாரம் 6 நாள் வரை முன்-நிறைமாதம். 39 தொடங்கி 40 வாரம் 6 நாள் வரைதான் முழு நிறைமாதம். 41-ஆம் வாரம் பின்-நிறைமாதம். 42 தாண்டினால் காலம் கடந்தது. குறித்த அதே நாளில் பிறக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்துதான்.

ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். இது நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களில் எட்டாம் மாதப் பிள்ளை பற்றித் தனி நூலே உண்டு. இரண்டு ஊரும் தப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம். குறைமாதமாகப் பிறக்கப்போகிறது என்று தெரிந்தால், நுரையீரல் முதிரத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹவீயும் 1972-இல் காட்டினார்கள். அது மட்டும் முந்தியே வந்திருந்தால் பெரியவர்களின் இந்தப் பேச்சுக்குப் பலியான எத்தனையோ தாய்மாரின் கண்ணீர் மிச்சமாகியிருக்கும்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. லண்டன் பகுதியில் 122,000-க்கும் மேற்பட்ட கர்ப்பங்களை ஆராய்ந்து 2004-இல் வெளியான கட்டுரை, வெள்ளைக்காரப் பெண்களுக்கு நடுமதிப்பு 40 வாரம் என்றால் தெற்காசியப் பெண்களுக்கு 39 என்றது. ஹைடல்பெர்க் கணக்கு தேக்காவுக்கு ஒரு வாரம் அதிகமாக இருக்கலாம். “மிஸ்ஸி, தேதிக்கு முந்தியே வந்துட்டேன்” என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்த நம் பெண்கள் முந்தியே வரவில்லை. அவர்களுடைய நாளில்தான் வந்திருக்கிறார்கள்.

நல்ல நேரம் பார்த்துச் சிசேரியன் வைத்துக்கொள்வதைப் பற்றி நான் என்ன சொன்னாலும் யாராவது கோபித்துக்கொள்வார்கள். சிராங்கூன் சாலையில் வாங்கிய பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் அப்பாக்களையும், சீன ஜோதிடர் எழுதிக்கொடுத்த சிவப்புத் தாளோடு வரும் பாட்டிகளையும் பார்த்திருக்கிறேன். அறுவைதான் வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்ட பின், 39 வாரம் ஆன ஒரு நாளில் காலை ஏழு மணியா பத்து மணியா என்பது அவரவர் விருப்பம். நட்சத்திரம் நன்றாக இருக்கிறது என்று 37-இல் எடுக்கச் சொல்வது பிள்ளையின் மூச்சோடு விளையாடுவது. வலி வர வேண்டுமென்று வீட்டில் விளக்கெண்ணெய் ஊற்றிக் கொடுப்பதும் அப்படித்தான்.

1997-இல் கே.கே. சாலையைத் தாண்டிப் புக்கித் தீமா சாலைப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போனது. பழைய கட்டடம் ஹேம்ப்ஷயர் ரோட்டில் நிற்கிறது. 2003-இல் வரலாற்றுச் சின்னம் என்று பலகை வைத்தார்கள். இப்போது உள்ளே இருப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். பிள்ளை எப்போது வரும் என்று சொல்லத் தெரியாமல் விழித்த இடத்தில், பேருந்து எத்தனை நிமிடத்தில் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கப்பல் போய் விமானம் வந்தபின் பயணமும் திரும்பிவிட்டது. பிரசவத்துக்கு மகள் ஊருக்குப் போவதற்குப் பதில் அம்மா இங்கே வருகிறாள், பெரும்பாலும் ஒரு மாத அனுமதியோடு. தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்து இறங்கி, பிள்ளை பத்து நாள் தாமதித்தால், பேரனைக் குளிப்பாட்டப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் மிச்சம். டிக்கெட்டை எப்போது போடுவது என்று ஃபேரர் பார்க் அடுக்குமாடிகளில் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஈடிடி-க்கு முன்னால் அல்ல, ஈடிடி அன்றைக்கு வரச் சொல்லுங்கள் என்பேன். பிரசவ ஆஸ்பத்திரியில் கணவன் இருக்கிறான்; வீட்டுக்கு வந்தபின்தான் அம்மா வேண்டும்.

கணவனுக்கும் இப்போது விடுப்பு உண்டு. 2025 ஏப்ரல் 1-லிருந்து, சிங்கப்பூர்க் குடிமகனாகப் பிறக்கும் பிள்ளையின் அப்பாவுக்கு அரசுச் சம்பளத்தோடு நான்கு வாரம் கட்டாய விடுப்பு. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ள மேலும் ஆறு வாரம். 2026 ஏப்ரலிலிருந்து அது பத்து. அந்தச் சலுகைக்குப் பிறந்த தேதியை மட்டும் பார்ப்பதில்லை. எதிர்பார்த்த தேதி ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு என்றிருந்தால், பிள்ளை மார்ச் கடைசியிலேயே அவசரப்பட்டு வந்துவிட்டாலும் விடுப்பு உண்டு. நாங்கள் பென்சிலால் எழுதிவந்த ஒரு உத்தேசம் இன்று சட்டத்தில் ஏறியிருக்கிறது. நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

ஆகவே வயிற்றில் பிள்ளையோடு இதைப் படிக்கிற பெண்களே, இரண்டு காரியம் செய்யுங்கள். உதிரம் கண்ட முதல் நாளை, தலைமுழுகிய நாளை அல்ல, எழுதி வைத்துக்கொண்டு, 14 வாரத்துக்குள் முதல் ஸ்கேனை எடுத்துவிடுங்கள். அதன்பின் தேதி எதுவாக இருந்தாலும் சரி: பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், நடுராத்திரி என்றும் பார்க்காதீர்கள். அந்த நிமிடமே கிளம்பிப் போங்கள்.